கல்லுக்குக் கல்

எடைமேடைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
பத்து கிலோமீட்டர். நிற்காமல்.
பாலக்காடு, மாசி இரண்டாம் ஞாயிறு.
அதற்குக் கீழே, சிறிதாக: எண்பது நிமிடம்.
அதற்கும் கீழே, லாரிக்காரர் யாரும் படித்துவிடாதபடி:
கடைசியாக வரக் கூடாது.

முதல் வாரம் பனைக்குப் பனை.
ஒரு பனைக்கு ஓட்டம், அடுத்த பனைக்கு நடை.
கொழுந்தன் மகனுடைய ஷூ, முனையில் பஞ்சு அடைத்தது.
வேலந்தாவளத்தில் எல்லாருக்கும் மகுடேஸ்வரியைத் தெரியும்,
அதனால் நாலரைக்கே கிளம்பினேன்.
தெரியாதவை நாய்கள்தான்.
மூன்றாம் வாரம் அவையும் தலை தூக்கவில்லை,
பேக்கரி வாசல் கறுப்பனைத் தவிர.
அவன் துரத்தும் இருநூறு மீட்டர்தான்
அன்றைய என் வேகப் பயிற்சி.

கார்த்திகைக் காற்று கணவாயைப் பார்த்து
மேற்கே ஓடும்.
போகும்போது கோழிப்பாறை வரை நான் பெரிய ஓட்டக்காரி.
திரும்பினால் அதே காற்று
நெஞ்சில் கை வைத்து
எங்கேடி போறே என்கும்.

இந்தப் பக்கம் கல்லில் தமிழ்,
பலகை தாண்டினால் மலையாளம்,
எண் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.
கல்லுக்குக் கல் ஒரு கிலோமீட்டர்.
முப்பது டன் எம்-சாண்டை நிறுத்திச் சீட்டுக் கிழிப்பவள்
கல்லை நம்பாமல் வேறு எதை நம்புவது?

எல்லைக் கிலோமீட்டரில் மட்டும் செத்துப்போவேன்.
இங்கே கடைசிக் கல், பாலம்,
பூட்டிக் கிடக்கும் செக்போஸ்ட்,
கள்ளுக்கடையின் கறுப்புப் பலகை,
அப்புறம்தான் அங்கே முதல் கல்.
மற்றதெல்லாம் எட்டு நிமிடம்,
அது ஒன்று பதினான்கு.
ராத்திரிப் புரோட்டாவை விட்டேன்.
இரும்பு மாத்திரை வாங்கினேன்.
கூட வேலை பார்க்கும் ஷீபா சொன்னாள்,
“சேச்சிக்குப் பெர்மிட் இல்ல, அதான்.”

தையில் இரண்டு ஞாயிறு,
ஐந்து கல் போய் நாலு கல் திரும்பி
ஒன்பதில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
கடைசிக் கல்லுக்கு நடந்தே வந்தேன்,
பால்காரர் வண்டியை மெதுவாக்கி
ஏதாவது உடம்புக்கா என்று கேட்கும்படி.

புதன்கிழமை தார் போட அளக்க வந்தார்கள்.
கனிராஜ் என்ற பையன் சக்கரம் உருட்டி வந்தான்.
எல்லைப் பலகை வந்ததும்
சக்கரத்தைத் தூக்கித் தோளில் போட்டான்.
“எங்க கணக்கு இதோட சரிக்கா.”
கொஞ்சம் கொடு தம்பி என்று வாங்கி
நம் கடைசிக் கல்லுக்கே திரும்பிப் போய்
சுழியத்திலிருந்து உருட்டினேன்.
பாலம். செக்போஸ்ட். கள்ளுக்கடை.
அந்தக் கல்லில் சக்கரம் முட்டியபோது
ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு.

எழுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்
இவர்கள் ஏட்டிலும் இல்லை, அவர்கள் ஏட்டிலும் இல்லை.
என் காலில் மட்டும் ஏறியிருக்கிறது,
போக ஒருமுறை, வர ஒருமுறை.
மேடைக் கால்குலேட்டரில் தட்டினேன்.
நான் தோற்று நின்ற ஒன்பது
பத்தைத் தாண்டி நானூறு மீட்டர் போயிருந்தது.

சிரிப்பு வரவில்லை. முதலில் வந்தது கோபம்,
மாத்திரைக் காசுக்காக.
அதிக பாரம் ஏற்றி வருகிற டிரைவருக்கு
அது தெரிந்தேதான் இருக்கும்,
மேடை மேல் ஏறும்போதே முகத்தில் எழுதியிருக்கும்.
எனக்கு என் பாரம் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, பாலத்தில்
அதே இடத்தில் அதே மூச்சுக் கிழிந்தது.
கணக்குத் தெரிந்ததால் ஒரு மீட்டரும் குறையவில்லை.
ஒன்று மட்டும்:
கிழிந்தபோது என்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

“எத்ர ஆயி சேச்சி?” என்றாள் ஷீபா.
ஒன்பது என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.
சீட்டைத் திருப்பி
கடைசி வரியை அடித்தேன்.
எண்பது நிமிடம் இருக்கட்டும்.
வெளியே முதல் லாரி மேடையேறி
ஹாரன் அடிக்கிறது,
இன்னும் ஷூ கழற்றவில்லை.